பூச்சு வேலைக்கு முன்னால்: ஒரு பனியன் கம்பெனிக்கு நெட்வொர்க் போட்ட கதை

“நெட்டு வயரையும் கரண்ட் பைப்புக்குள்ளயே விட்டுரலாம்னு எலக்ட்ரீசியன் சொல்றாருங் தம்பி. தனியா ஒரு பைப்பு எதுக்குங்க?”

2018 பங்குனியில் முதலாளி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. பல வருடம் வாடகைக் கட்டடத்தில் ஓடிவிட்டுச் சொந்தக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். செங்கல் கட்டு முடிந்து, பூச்சு வேலை தொடங்கப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளைப் பிடிப்பதற்காகத்தான் தை மாதத்திலிருந்தே அவரைப் பார்க்கும்போதெல்லாம் “பூசறதுக்கு முன்னால ஒரு போன் போடுங்கண்ணா” என்று சொல்லி வைத்திருந்தேன். மறக்காமல் போட்டுவிட்டார்.

பைப் விஷயத்துக்குப் பதில் சுலபம். கரண்ட் வயரை ஒட்டியே நூறடி ஓடும் நெட்வொர்க் வயர் அதன் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். நாள் முழுக்கத் தையல் மெஷின் மோட்டார்கள் நின்று நின்று ஓடும் கட்டடத்தில் கேட்கவே வேண்டாம். அது போக, பைப்புக்குள் எங்காவது மேல்தோல் கிழிந்தால் 230 வோல்ட் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் குறைந்தது ஓரடி தள்ளி ஓடட்டும், குறுக்கே கடக்கிற இடத்தில் கூட்டல் குறி மாதிரி கடக்கட்டும் என்றேன். இரைச்சல் கதை முதலாளி காதில் ஏறவில்லை. 230 வோல்ட் ஏறியது. தனிப் பைப்புக்குச் சரி சொன்னார்.

எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் பழக்கம் ஏற்பட்டது 2016இல், பழைய கட்டடத்தில். வெள்ளிக்கிழமை, ஷிப்மெண்ட் நாள். “சர்வர் போயிருச்சுங்க” என்று போன். போய்ப் பார்த்தால் சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் கம்ப்யூட்டரிலும் எதுவும் திறக்கவில்லை. கணக்கு எழுதும் டாலி திறக்கவில்லை, பிரிண்டர் அசையவில்லை, இன்வாய்ஸ் எடுக்க முடியவில்லை. வெளியே லாரி நிற்கிறது. அந்த இடத்தில் நெட்வொர்க் என்று யாரும் திட்டம் போட்டு எதையும் போடவில்லை. அது தானாக வளர்ந்திருந்தது. புதிதாக ஓர் ஆள் சேர்ந்தால், வருகிற ஒரு நெட்வொர்க் வயரைப் பல கம்ப்யூட்டருக்குப் பகிர்ந்து கொடுக்கும் டப்பா, அதாவது ஐந்து ஓட்டை (போர்ட்) வைத்த ஸ்விட்ச் ஒன்று வாங்கிப் பக்கத்து மேஜைக்கு அடியில் வைப்பார்கள். அந்த ஸ்விட்சிலிருந்து இன்னொன்று. ஒன்பதோ பத்தோ இருந்தன, எத்தனை என்று யாருக்கும் தெரியாது. எந்த டப்பாவைப் பார்த்தாலும் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

காரணத்தைக் கண்டுபிடிக்க நான்கு மணி நேரம் ஆனது. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் மேஜைக்கு அடியில், ஒரே வயரின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில். காலையில் கூட்டிப் பெருக்க வந்த அக்கா தரையில் ஒரு முனை தொங்கிக் கிடப்பதைப் பார்த்து, கழன்று விழுந்திருக்கிறது போல என்று காலியாயிருந்த ஓட்டையில் பத்திரமாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர் மீது குற்றமே இல்லை. எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு கம்ப்யூட்டர் போடும் சத்தத்தை ஸ்விட்ச் எல்லா வாசலுக்கும் அனுப்பும். வட்டம் ஒன்று உருவாகிவிட்டால் அந்தச் சத்தம் திரும்பி வந்து மறுபடி எல்லா வாசலுக்கும் போகும். ஈத்தர்நெட் என்கிற இந்த வயர் நெட்வொர்க்கில் ஒரு செய்திப் பொட்டலத்துக்கு ஆயுள் என்று எதுவும் எழுதியிருப்பதில்லை. வயரைப் பிடுங்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கு மருந்து புதிதல்ல. ரேடியா பெர்ல்மன் 1985இலேயே ஸ்பானிங் ட்ரீ முறையை எழுதிவிட்டார். வட்டம் இருப்பதைத் தெரிந்துகொண்டு ஸ்விட்சே ஒரு வாசலைச் சாத்திவிடும். ஆனால் மேஜைக்கு அடியில் கிடக்கும் மலிவு ரகங்களில் அது இருக்காது. உள்ளே போய் நாமே அமைப்புகளை மாற்றக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச் வேண்டும், வாங்கிய பிறகு அந்த வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

லாரி அன்று ராத்திரி எட்டு மணிக்குத்தான் கிளம்பியது. நெட்வொர்க்குக்கு ஒரு செலவு உண்டு என்பது முதலாளிக்கு அன்றுதான் உறைத்திருக்க வேண்டும். ஒரு வகையில் எனக்குப் புதுக் கட்டட வேலையை வாங்கிக் கொடுத்தவர் அந்தப் பெருக்குகிற அக்காதான்.

புதுக் கட்டடத்தில் முதலில் சாக்பீஸும் டேப்பும் எடுத்துக்கொண்டு நடந்தோம். முதலாளி, எலக்ட்ரீசியன் அண்ணன், மேஸ்திரி, நான். முன்னால் இரண்டு மாடி ஆபீஸ். அதை ஒட்டிப் பின்னால் 240 அடி நீளத் தையல் ஹால். முற்றத்தைத் தாண்டித் தனியாகப் பேக்கிங் குடோன். முதலாளியின் கணக்கில் முப்பது பாயிண்ட், அதாவது நெட்வொர்க் வயர் வந்து முடிகிற இடம், போதும். நான் ஒவ்வொரு மேஜைக்கும் இரண்டு என்று சுவரில் குறி போட்டேன்.

“ஒரு ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர்தானுங்க தம்பி?”

“இன்னைக்கு ஒண்ணுதானுங்கண்ணா. போன் வெச்சா? பக்கத்துல ஒரு பிரிண்டர் வெச்சா? அந்த இன்னொரு ஓட்டை இல்லாததாலதான் அங்க மேஜைக்கடியில டப்பா வந்துச்சு.”

நடந்து முடித்தபோது ஆபீஸில் 60, தையல் ஹாலில் சூப்பர்வைசர் மேஜை, கட்டிங், செக்கிங் எல்லாம் சேர்த்து 22, பேக்கிங்கில் 14, கேமரா 28, வைஃபை 9, வருகைப் பதிவுக்கு விரல் வைக்கிற ரேகை மெஷின் 3. மொத்தம் 136. முகம் மாறியது அவருக்கு. சுவரைப் பூசிய பிறகு ஒரு பாயிண்ட் சேர்க்க எவ்வளவு ஆகும் என்று பக்கத்தில் நின்ற மேஸ்திரியிடமே கேட்கச் சொன்னேன். காடி வெட்டுவது, திரும்பப் பூசுவது, பெயின்ட் நிறம் சேராமல் போவது என்று மேஸ்திரி எனக்காகப் பேசினார். அன்று முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: டப்பாவை ஐந்து வருடத்தில் எப்படியும் மாற்றப் போகிறோம், அதில் கஞ்சத்தனம் பண்ணுங்கள், நான் தடுக்க மாட்டேன், சுவருக்குள் போகிற வயரிலும் பைப்பிலும் பண்ணாதீர்கள். பைப்பையும் ஒரு சைஸ் பெரிதாகப் போட வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு நைலான் கயிறு சும்மா கிடக்கிறது. பின்னால் ஒரு வயர் இழுக்க வேண்டுமென்றால் அதில் கட்டி இழுத்தால் போதும்.

எல்லா வயரும் வந்து சேர்கிற, ஸ்விட்சுகளை வைக்கிற அலமாரியான ரேக்கை எங்கே வைப்பது என்பதில் ஒரு சண்டை. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் முக்கோண இடத்தைத்தான் காட்டுவார்கள். இங்கே அதன் பின்சுவர் பாத்ரூம். மறுத்துவிட்டேன். அடுத்தது தூரம். தாமிர வயருக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதிலும் சுவருக்குள் 90, இரண்டு முனையிலும் மாட்டும் சிறு வயர்களுக்கு 10. மேஸ்திரி அடியில் பேசுவார், வயர் மீட்டரில் வரும், இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 90 மீட்டர் என்றால் 295 அடி. மாடி ஆபீஸ் ரேக்கிலிருந்து வராந்தா 80 அடி, ஹால் 240 அடி, மேலே ஏறிக் கீழே இறங்க 25 அடி. ஹாலின் கடைசி மூலைக்கு 345 அடி ஆகிறது. வேலை செய்யும், ஆனால் செய்கிற மாதிரி இருந்துகொண்டே கழுத்தை அறுக்கும். அதனால் ஹாலின் நடுவே சுவரில் ஒரு சின்ன ரேக், பேக்கிங்கில் இன்னொன்று. ஆபீஸ் 1, ஹால் 2, பேக்கிங் 3 என்று நம்பர் கொடுத்தோம். 136 பாயிண்ட்டுக்குச் சராசரி 35 மீட்டர் வைத்தால் 4760 மீட்டர். பெட்டிக்கு 305 மீட்டர், ஆக 16 பெட்டி. கடைசித் துண்டுகளை ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாது என்பதால் 18 வாங்கினோம்.

வாங்கும்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். கம்பெனி பர்ச்சேஸ் தம்பி பாதி விலைக்கு ஒரு பெட்டி மாதிரிக்கு வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். மேலே கேட் 6 என்று வயரின் தர வகை பளிச்சென்று அச்சடித்திருந்தது. பெட்டியைக் கையில் தூக்கியதுமே சந்தேகம், கனமே இல்லை. ஒரு முனையை உரித்து உள்கம்பியை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய வயர். இதில் ஏற்கெனவே சூடு பட்டவன் நான். வேறோர் இடத்தில் இதே ரகத்தைத் தெரியாமல் இழுத்துவிட்டு, ஒரு மாதம் அலைந்தேன். கடைசிக் கேமரா பகல் முழுக்க ஒழுங்காக ஓடும். இருட்டியதும் அணையும், எரியும், அணையும். கேமராவை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன். இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ரா ரெட் விளக்குகள் எரியத் தொடங்கி, அதே வயரில் கூடுதல் கரண்ட் கேட்கும். அலுமினியம் தாமிரத்தைவிட அதிகம் தடுக்கும். நீள வயரின் மறுமுனையில் வோல்ட் விழுந்துவிடும். கேமரா செத்து, விளக்கு அணைந்து, சுமை குறைந்து, மறுபடி உயிர் வரும். அந்த ஒரு மாதச் சம்பளம் என் கைக்காசு. பர்ச்சேஸ் தம்பியிடம் பிளேடைக் கொடுத்து அவரையே சுரண்டச் சொன்னேன். அதற்குப் பிறகு வந்த 18 பெட்டியையும் அவரேதான் சுரண்டிப் பார்த்து இறக்கினார்.

வயர் வழியாகவே கரண்ட் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்சிலும் இதே ராத்திரிப் பிரச்சினை வேறு வேஷத்தில் வரும். 24 போர்ட் இருக்கும், 24 போர்ட்டுக்கும் கொடுக்க வாட் இருக்காது. ஹால் ரேக்கில் 14 கேமரா, ராத்திரிக்குத் தலா 10 வாட் வைத்தால் 140. நான்கு வைஃபைக்குத் தலா 15, ஆக 60. மொத்தம் 200. விலைப் பட்டியலில் 190 வாட் ரகம் மலிவாக நின்றது, 370 வாட் ரகம் அதற்கு மேல் நின்றது. கேட்டலாக்கில் போர்ட் எண்ணிக்கையைப் பெரிய எழுத்திலும் வாட்டைச் சின்ன எழுத்திலும் போடுவார்கள். 370 வாங்கினோம்.

ஆபீஸுக்கும் பேக்கிங்குக்கும் நடுவே முற்றம் அறுபது அடிதான். தாமிர வயர் தாராளமாக எட்டும். பழைய இடத்தில் அப்படித்தான் அங்கிருந்த இரண்டு கட்டடத்துக்கும் நடுவே கம்பி கட்டி வயரைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி இடி. யார் மீதும் விழவில்லை, பக்கத்தில் எங்கோ விழுந்தது. காலையில் இரண்டு ஸ்விட்ச், ஒரு கம்ப்யூட்டரின் மதர்போர்டு, பெரிய காகிதத்தில் வரைபடம் போடும் பிளாட்டரின் நெட்வொர்க் கார்டு எல்லாம் போயிருந்தன. இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த். இடி இறங்கும்போது அந்த இரண்டு எர்த்துக்கும் இடையே ஏறும் வோல்ட் வித்தியாசம், நடுவே இருக்கிற தாமிர வயரைப் பாலமாக்கிக்கொள்ளும். அதனால் கட்டடம் விட்டுக் கட்டடம் போகிற எதையும் நான் இப்போது கண்ணாடி இழையில்தான் போடுகிறேன், அறுபது அடியானாலும் சரி. அதிலும் இரும்புக் கவசம் போட்ட ரகம் வாங்கினால் அந்த இரும்பே மறுபடி பாலமாகிவிடும். கவசமில்லாத ரகத்தைப் பூமிக்கடியில் பைப்புக்குள் விட்டோம். ஆறு இழை, ஓடுவது இரண்டு, சும்மா இருப்பது நான்கு. இழையை ஒட்டுவதற்குத் தூரத்திலிருந்து ஆள் வரவழைக்கவில்லை. அந்தத் தெருவின் கேபிள் டிவிக்காரரிடமே ஒட்டும் மெஷின் இருந்தது, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டார். சிங்கிள் மோட் என்கிற ரக இழை போட்டதால் அன்று ஒரு கிகாபிட்டில் ஓடியது, பின்னால் இரண்டு முனையிலும் விரல் நீள மாட்யூலை மட்டும் மாற்றிப் பத்து கிகாபிட் ஆக்கினோம். மண்ணுக்குள் இருக்கிறதை யாரும் தொடவில்லை.

அடுத்தது நம்பர், அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் ஐபி முகவரி. கடையில் வாங்குகிற ரவுட்டர்களில் பல 192.168.1.1 என்று சொல்லிக்கொண்டுதான் வரும். பழைய ஆபீஸும் அதே வரிசை. முதலாளி வீட்டு பிராட்பேண்டும் அதே வரிசை. வீட்டிலிருந்து இண்டர்நெட் வழியே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் விபிஎன் போட்டு ஆபீஸ் கணக்கைப் பார்க்க முயன்றால், கம்ப்யூட்டருக்கு எந்த 192.168.1.10 என்று குழப்பம் வரும். வீட்டுப் பிரிண்டரைத் தேடிப் போய் நிற்கும். தனியார் உபயோகத்துக்கென்று 1996லிருந்தே மூன்று வரிசைகள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 10இல் தொடங்குவது அதில் மிகப் பெரியது, யாரும் அதிகம் மோதாத இடமும் அங்கே கிடைக்கும். 10.20 என்று தொடங்கி, மூன்றாவது எண்ணைத் தெருவாக வைத்தேன். 10 ஆபீஸ், 20 சர்வர், 30 கேமரா, 40 மெஷின், 50 விருந்தாளி வைஃபை, 99 ஸ்விட்சுகள். ஒவ்வொரு தெருவும் தனி விலான், அதாவது அதே ஸ்விட்சுகளில் ஓடினாலும் மற்றதோடு கலக்காத தனி நெட்வொர்க். போனில் யாராவது “10.20.40.15 வேலை செய்யலைங்க” என்றால், மெஷின் பக்கம் என்று படுக்கையில் இருந்தபடியே தெரிந்துவிடும்.

தெருவைப் பிரிப்பதன் அவசியத்தை விளக்க நான் வானாக்ரை கதையைச் சொன்னேன். 2017 மே 12இல் உலகம் முழுக்க ஒரே நாளில் பரவிய அந்த வைரஸ், மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் அடைத்துக் கொடுத்த விண்டோஸ் ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. அடைக்காதவர்கள் மாட்டினார்கள். இந்தக் கம்பெனியில் எம்பிராய்டரி மெஷினோடு வந்த கம்ப்யூட்டர் இன்னமும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி. மாற்றினால் மெஷின் பேசாது. அதைத் தனித் தெருவில் அடைத்து, டிசைன் ஃபைல் வருகிற ஒரே ஒரு வாசலை மட்டும் திறந்து வைக்க வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினேன். முதலாளி கொட்டாவி விட்டார். அப்புறம் அவரே கேட்டார்: “இப்பிடிப் பிரிச்சா, சம்பளக் கணக்கு மத்த யாருக்கும் தெரியாம வெக்க முடியுமுங்களா? கேமராவ நான் மட்டும் பாக்கற மாதிரி?” முடியும் என்றேன். உடனே சரி ஆனது. உலகத்தையே ஆட்டிய வைரஸுக்கு மசியாத மனுசர் சம்பளப் பட்டியலுக்கு மசிந்தார். இதற்கு அப்புறம் நான் வேறு இடங்களில் வானாக்ரை கதையைச் சொல்வதே இல்லை.

நம்பர் விஷயத்தில் இன்னொன்று. யாராவது வீட்டில் கிடக்கும் வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து ஆபீஸ் வயரில் மாட்டுவார்கள், நிச்சயம் மாட்டுவார்கள். அதுவும் தன் பங்குக்கு எல்லோருக்கும் நம்பர் கொடுக்க ஆரம்பிக்கும். பாதி ஆபீஸுக்கு நெட் வரும், பாதிக்கு வராது. நல்ல ஸ்விட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்று ஒரு வசதி உண்டு. நம்பர் கொடுக்கும் உரிமை இந்த ஒரு வாசலுக்குத்தான் என்று சொல்லிவிடலாம். முதல் நாளே போட்டுவிட்டேன்.

வைஃபையில் நானே ஒரு தப்பு செய்தேன். நீளக் கம்பில் வைஃபை சிக்னல் அனுப்பும் ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றைக் கட்டி, எலக்ட்ரீசியன் அண்ணன் தூக்கிப் பிடிக்க, நான் போனோடு நடந்து ஒவ்வோர் இடத்திலும் சிக்னல் எழுதினேன். 2.4 கிகா ஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் 1, 6, 11 என்று மூன்று சேனல்தான். பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் அதே மூன்றில்தான் இருப்பார்கள். அதையெல்லாம் பார்த்துப் பிரித்து வைத்தேன். பேக்கிங் குடோனில் சிக்னல் பிரமாதமாக இருந்தது. இருக்காதா பின்னே, குடோன் காலி. குடியேறி ஒரு மாதத்தில் இரும்பு ரேக்குகள் வந்து, அட்டைப் பெட்டிகள் கூரை வரை ஏறியதும், பார்கோடு ஸ்கேனர் வைத்திருக்கும் பெண்கள் சந்துக்குள் போனால் ஸ்கேனர் ஊமையானது. ஒவ்வொரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு சந்து முனைக்கு வந்து ஸ்கேன் பண்ணினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, அதுவும் போகிற போக்கில் ஒருவர் சொல்லி. சந்துக்கு நேர் மேலே இன்னும் இரண்டு ஆக்சஸ் பாயிண்ட் போட வேண்டியிருந்தது. பைப்பில் கிடந்த நைலான் கயிறு காப்பாற்றியது. குடோனைச் சரக்கோடுதான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் சரக்கு வரும் என்று நினைத்துக் கூட்டிப் போட வேண்டும்.

ஆடி வந்து நின்றது. ஆனி கடைசியிலேயே எங்கள் வேலை முடிந்துவிட்டது, ஆனால் ஆடியில் யாரும் புதுக் கட்டடத்துக்குப் போக மாட்டார்கள். முதலாளி ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் காத்திருந்தார். எனக்கு அது கிடைத்தற்கரிய வரம். ஒரு மாதம் முழுக்க ஆள் இல்லாத கட்டடத்தில் எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்த்தேன். ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன் 136 பாயிண்ட்டையும் டெஸ்டர் வைத்து அளந்ததில் ஆறு தேறவில்லை. நான்கில் வயர் முனையில் மாட்டும் ஆர்ஜே45 பிளக்கில் உள்கம்பிகளின் வரிசை மாறியிருந்தது. இரண்டில் கார்பெண்டர் ஆணி வயருக்குள் இறங்கியிருந்தது. சீலிங் மூடியிருந்தால் அந்த இரண்டையும் கண்டுபிடித்து மாற்றுவதற்குள் நாக்குத் தள்ளியிருக்கும். இண்டர்நெட் லைன் இரண்டு வாங்கியிருந்தோம், இரண்டு வேறு கம்பெனி. ஆடியிலேயே சாக்கடை வேலைக்கு வந்த ஜேசிபி ஒரே இழுப்பில் இரண்டையும் அறுத்தது. இரண்டும் ஒரே கம்பத்திலிருந்து ஒரே பள்ளம் வழியாக வந்திருக்கின்றன. ஒன்றைத் தெருவின் எதிர்ப்பக்கம் வழியாக மாற்றச் சொல்லி, வருகிற பாதையைக் கூடவே நடந்து பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட விட்டேன்.

அதே மாதத்தில்தான் மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் கரண்டை நிறுத்தினார்கள். ஜெனரேட்டர் ஏறுவதற்குள் இருக்கும் சில விநாடி இடைவெளியில் ஆபீஸ் ரேக் யுபிஎஸ்ஸில் தாக்குப்பிடித்தது. ஹால் ரேக்குக்கு யுபிஎஸ் போடவில்லை, செலவு என்று விட்டிருந்தோம். ஸ்விட்ச் அணைந்து முழுதாக எழுந்துவர நான்கு நிமிடம். கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் நான்கு நிமிடம் கேமரா கிடையாது என்று சொன்னதும் முதலாளி மறுநாளே இரண்டு சின்ன யுபிஎஸ் இறக்கினார். ஹாலுக்கு மின்விசிறி இல்லாத ஸ்விட்சாகப் பார்த்து வாங்கியதை மட்டும் நான் சரியாகவே செய்திருந்தேன். பனியன் கம்பெனியில் பஞ்சு பறக்காத மூலை கிடையாது. விசிறி வைத்த டப்பா ஆறு மாதத்தில் மெத்தை மாதிரி ஆகிவிடும்.

குடியேறிய பிறகு வந்த முதல் ஆயுத பூஜை. ரேக்குக்கு மாலை, கதவில் சந்தனம் குங்குமம், எல்லாம் அழகாகச் செய்து, மெயினையே அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யுபிஎஸ்ஸும் தீர்ந்து நின்றுவிட்டது. மறுநாள் காலை மெயினைப் போட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. இண்டர்நெட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவே காவலாக நின்று, நம்பரும் கொடுக்கும் ஃபயர்வால் நிதானமாக எழுகிற ஜாதி. அது எழுவதற்குள் கம்ப்யூட்டர்கள் எழுந்து, கேட்டுப் பார்த்து, கிடைக்காமல் தாங்களே ஒரு நம்பர் வைத்துக்கொண்டன. கம்ப்யூட்டரின் நம்பர் 169.254 என்று தொடங்கினால் அதற்கு யாரும் நம்பர் கொடுக்கவில்லை என்று அர்த்தம். போனில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். எல்லாவற்றையும் ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னேன், சரியானது. அன்றைக்கே போடும் வரிசையை எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். முதலில் ஃபயர்வால், அப்புறம் ஸ்விட்ச், சர்வர், கடைசியில் கம்ப்யூட்டர்.

அந்தக் கதவின் உள்பக்கத்தில் இன்னொரு காகிதமும் உண்டு. 136 பாயிண்ட்டுக்கும் நம்பர்: ரேக் எண், ஒரு கோடு, பாயிண்ட் எண். அதே நம்பர் சுவரிலும் இருக்கும், வயரின் இரண்டு முனையிலும் இருக்கும். பேனாவால் எழுதிய செல்லோடேப் ஒரு கோடைக்குத் தாங்காது, பிரிண்டர் லேபிள் போட்டோம். ஸ்விட்சுகளின் பாஸ்வேர்டு ஒட்டிய கவரில் முதலாளி பீரோவில் இருக்கிறது. நாளைக்கு நானே லாரியில் அடிபட்டாலும் இன்னொருவர் வந்து அந்தக் கதவைத் திறந்தால் போதும். இந்தக் காகிதம்தான் இந்த வேலையிலேயே நான் பெருமைப்படுவது. ஒரு ராத்திரி ஹாலில் ரேகை மெஷின் நின்றுபோக, எலக்ட்ரீசியன் அண்ணன் கதவைத் திறந்து, “2-19தானுங்க? அதுல லைட்டு எரியலைங்க, 2-20க்கு மாத்தி மாட்டட்டுங்களா?” என்று என்னிடம் போனில் கேட்டார். நான் தூக்கத்தில் “ம்” என்று மட்டும் சொன்னேன்.

2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் உத்தரவு வந்தபோது, தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கருவிகள் எழுதி வைக்கும் நடவடிக்கைப் பதிவான லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லாக் கருவியும் ஒரே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். லாக் வைக்க ஒரு பெட்டி சேர்த்தோம். கடிகாரம் எங்களுக்குப் புதிதில்லை. அதற்கு முன்பே ஒருமுறை பேக்கிங்கில் ஒரு பெட்டி காணாமல் போய், கேமரா காட்டிய நேரமும் ரேகை மெஷின் காட்டிய நேரமும் ஏழு நிமிடம் இடித்து, செய்யாத ஒரு பையன் மீது சந்தேகம் விழுந்திருந்தது. பெட்டி வேறு சந்தில் இருந்தது. அன்றே எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்குக் கட்டிவிட்டேன்.

போன மாதம் வருடாந்திரப் பார்வைக்குப் போயிருந்தேன். மாடி ஆபீஸில் மெர்ச்சண்டைசிங் பக்கம் ஒரு மேஜைக்கு அடியில் பச்சையாக ஏதோ மினுக்கியது. குனிந்து பார்த்தால் ஐந்து போர்ட் ஸ்விட்ச். கட்டிங்கில் மிஞ்சிய பனியன் துணிக் கீற்றால் மேஜைக் காலோடு கட்டி வைத்திருந்தார்கள். மேலே ஒரு டீ கிளாஸ்.

“ஏம்மா, இது எப்ப வந்துச்சு?”

“அது டெம்பரரிங்கண்ணா. சேம்பிள் செக்சன்ல இருந்து ரெண்டு பேரு இங்க வந்து உக்காந்தாங்க.”

“எப்பங்க?”

அந்தப் பெண் யோசித்தது. “போன தீபாவளிக்கு முந்திங்க.”

டீ கிளாஸை எடுத்து மேஜை மேல் வைத்தேன். ரேக்குக்குப் போய்க் கதவைத் திறந்து, காகிதத்தில் 1-17க்கு எதிரே பேனாவால் எழுதினேன்: மேஜைக்கு அடியில் ஸ்விட்ச், இரண்டு ஆள். அப்புறம் 1-18 காலியாக இருக்கிறதா என்று பார்த்தேன். அதில் போன் சார்ஜர் மாதிரி ஏதோ ஒன்றை யாரோ சொருக முயன்று, கிளிப்பை உடைத்து வைத்திருந்தார்கள்.